தே ஹலியா கொட்டிய லேப்டாப்

நண்பா,

இன்று காலை உன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். குப்பென்று இஞ்சி வாசம். தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லித்தான் உன் மனைவி நேற்று நம் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். "அவரு பாப்பாவோட எடுத்த வீடியோ எல்லாம் இதுலதான்ணே இருக்கு. வேற எங்கயும் எடுத்து வைக்கல" என்றாள். வருகிறவர்களிடமெல்லாம் பேக்கப் எடுக்கச் சொன்னவன் நீ. ஊருக்குத்தான் உபதேசம்.

லிட்டில் இந்தியாவின் இந்த மாடிக்கடையில், "தண்ணிதான்" என்று சாதிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நீயோ கீபோர்டை மோந்து பார்த்து, "தண்ணிக்கு எறும்பு வராது லா. என்ன கொட்டுச்சுன்னு சொன்னாத்தான் அதுக்குத் தக்கன கழுவ முடியும்" என்று சிரிப்பாய். அவர்கள் போனதும் எனக்கு அர்ச்சனை: "பயந்து போய்த்தான்டா பொய் சொல்றாங்க. நீ வேற ஏன் கத்துற?"

பேட்டரியைப் பிரித்துவிட்டு போர்டில் மீட்டரை வைத்தேன். கரண்ட் உள்ளே வரும் இடத்திலேயே ஷார்ட். பால் காய்ந்து பிசுபிசுவென்று, ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு. போதாக்குறைக்கு, சார்ஜர் செருகும் துளையில் இரண்டு அரிசி. ஈரத்தை உறிஞ்சும் என்று அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள்! போர்டு அவ்வளவுதான். டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டினேன். திறந்தது. வீடியோவில் பாப்பாவுக்கு நீ சோறு ஊட்டுகிறாய். மூன்று வாரம் கழித்து உன் குரலைக் கேட்டதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்டா.

மதியம் அவள் வந்ததும் வீடியோ எல்லாம் பத்திரம் என்று முதலில் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டேன். "என்னம்மா கொட்டுச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள். உன் படத்துக்கு ஃபிரேம் போட்டு வரவில்லையாம். அதனால் பதினாறாம் நாள் படையலுக்கு லேப்டாப் திரையிலேயே உன் படத்தைப் போட்டு, மாலை சாத்தி, நீ தினமும் குடிக்கும் பால் ஊற்றிய இஞ்சி டீயை, அந்தத் தே ஹலியாவை, முன்னால் வைத்திருக்கிறாள். பாப்பா அப்பாவைத் தொடப் போய்க் கப்பைத் தட்டிவிட்டது.

"ஆசையா வெச்சேன்ணே. அவரு குடிக்கவே இல்லையே."

"போர்டு முழுக்கப் பாத்துட்டேன்மா. ஒரு சொட்டு விடாம குடிச்சிருக்கான்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். யோசித்துச் சொன்னதில்லை நண்பா, தானாக வாயில் வந்தது. நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை என்று உனக்கே தெரியும். அது நீ பேசுகிற பேச்சு.