கொழும்பில் உம்மாவின் முகம்

செப்டெம்பர் 4, வியாழன்

கச்சான் காற்று நிற்கவில்லை. முற்றம் முழுக்க வைக்கோல் தூசி. கணிதப் பயிற்சி பாதியில். உம்மாவின் தங்கச்சி, சாச்சி, தூங்கிவிட்டார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

சித்திரப் பாடத்தில் டீச்சர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டு எல்லோரையும் கை தட்டச் சொன்னார். கொழும்பில் நவீன ஓவியக் கண்காட்சி தொடங்கிவிட்டதாம். பெரிய ஓவியர்களுடைய வேலைகளோடு கிழக்கு மாகாணப் பிள்ளைகளின் படங்களும் சில. என்னுடையதைத் துணியில் பெரிதாக அச்சடித்து, உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

டீச்சர் படத்தை ஃபோனில் காட்டினார். உம்மா. உள்ளறைக் கதிரையில். தலையில் ஒன்றுமில்லை, குளித்துவிட்டு முடி காயவிட்டபடி. படத்தின் கீழே நாலைந்து ஆண்கள், அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

உம்மா இத்தாவில் இருக்கிறார், புருஷன் இறந்த பெண்கள் இருக்கும் மறைவில். வாப்பா மௌத்தான நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் யாருடைய கண்ணிலும் படக்கூடாது. இன்னும் முடியவில்லை.

என்னோடு படிக்கும் ஷிபா காதுக்குள், "இனி எங்களோட கதைப்பியாடி, கொழும்புக்காரி?" என்றாள். சிரித்தேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

வெயில். தண்ணீர் மோட்டார் பழுது. வாளி வாளியாக அள்ளினேன்.

எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் தினமும் காண்கிற ஒன்றைப் படமாகக் கீறச் சொன்னார் டீச்சர். நான் தினமும் காண்பது உம்மாவைத்தான். கீறினேன். கொழும்புக்கு அனுப்பவா என்று கேட்டார். ஓம் என்றேன். உம்மாவுக்கு விருப்பமா? அதற்கும் ஓம், உம்மாவிடம் கேட்காமலே.

முன்பும் அனுப்பியிருக்கிறேன். டெங்கு நுளம்பு ஒழிப்பு, மரநடுகை, சிறுவர் தினம். எல்லாம் கடித உறையில் போகும், ஒரு சான்றிதழ் வரும். படம் திரும்பி வந்ததில்லை. யாரும் பார்த்ததாகவும் கேள்விப்படவில்லை. இதுவும் அப்படித்தான் எங்கேயோ ஒரு கந்தோரில் ஃபைல்களுக்கு அடியில் கிடக்கும் என்று நினைத்தேன்.

டீச்சர் கல்முனைத் தமிழ் ஆள், முஸ்லிம் அல்ல. வாப்பா மௌத்தானது தெரியும். இத்தாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்னேரம் கரண்ட் மீட்டர் பார்க்க ஆள் வந்தது. உம்மா உள்ளறைக் கதவைச் சாத்தும்வரை சாச்சி அவரைக் கேற்றடியில் வெயிலில் நிறுத்தி வைத்தார். உள்ளே உம்மா இருமலையும் அடக்கிக்கொண்டார். நான் வாளியோடு நின்றேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

சாச்சியின் ஃபோனில் கண்காட்சியின் பக்கத்தைப் பார்த்தேன். பழைய பெரிய வீடு. அங்கே இருப்பவை:

ஓர் அறை முழுக்க உப்பு, நடுவில் ஒரு சோடி செருப்பு.
மீன் வலையில் கட்டித் தொங்கவிட்ட உடைந்த கண்ணாடிகள்.
மூன்று சுவரிலும் கடல், சத்தமில்லாமல்.
உம்மா.

நன்றாக இருக்கிறது எல்லாம். உப்பு அறைக்குள் போய் நிற்க ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதற்கு என் மேலேயே கோபம்.

படத்துக்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'காத்திருப்பு'. சொல்ல முடியாத துயரம், மௌனம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. கீழே என் பெயர், ஊர். நான் கீறியபோது உம்மா மௌனமாக இருக்கவில்லை. தெருவில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. சூரையா கீரியா என்று பார்த்துவரச் சொல்லி சாச்சியை விரட்டிக்கொண்டிருந்தார்.

செப்டெம்பர் 8, திங்கள்

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். இடைவேளையில், சித்திர அறையில். கேட்டுவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "ஏன் பிள்ள, அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை.

எனக்கு முன்னாலேயே கொழும்புக்கு ஃபோன் எடுத்தார். இங்கிலீஷில் கதைத்தார். ப்ளீஸ், ப்ளீஸ் என்றது மட்டும் விளங்கியது. படத்தை இறக்குவதென்றால் படத்தில் இருப்பவரே கையெழுத்து வைத்துக் கடிதம் தர வேண்டுமாம். இல்லையென்றால் மாதக் கடைசிவரை இருக்கும்.

உம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றுதானே இறக்கச் சொன்னேன்.

தலைமுடியை மட்டுமாவது மறைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன். கேட்கிறேன் என்றார்.

செப்டெம்பர் 10, புதன்

தூறல், இரண்டு நிமிடம். புழுக்கம் கூடியது.

மறைத்துவிட்டார்களாம். டீச்சர் வகுப்பு வாசலில் நின்று சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். அவர் முகம் மாறவில்லை. மிச்சத்தையும் சொன்னார். படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கயிறு. பார்க்க விரும்புபவர்கள் திரையை விலக்கிப் பார்க்கலாம். நான் சொன்ன காரணத்தால் படத்துக்கு ஆழம் கூடிவிட்டது என்று அங்கே ஒருவர் பாராட்டினாராம். இப்போது வரிசையில் நிற்கிறார்களாம்.

"நான் அப்பிடிச் சொல்லல்ல பிள்ள. சத்தியமா நான் அப்பிடிச் சொல்லல்ல," என்றார் டீச்சர்.

செப்டெம்பர் 12, வெள்ளி

உம்மாவிடம் சொல்லத்தான் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். ஏன் மெலிந்து போகிறாய், பரீட்சைப் பயமா என்று கேட்டார். ஓம் என்றேன். இப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஓம்.

செப்டெம்பர் 13, சனி

எல்லாம் முடிந்துவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா உம்மாவைப் பார்க்க வந்தார். வட்டிலப்பம் கொண்டுவந்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அவருடைய குரல்: "பெருமதானே! உங்கட மகள்ட படத்தப் பாக்க சனம் லைன்ல நிக்கிதாம். நம்மட நப்ராஸ் வீடியோ எடுத்து அனுப்பியிரிக்கான்." நப்ராஸ் அவருடைய மகன். கொழும்பில் புடவைக் கடையில் வேலை.

ஓடிப்போனேன். ஃபோன் உம்மாவின் கையில்.

வெள்ளைத் திரை. மணிக்கூடு கட்டிய ஓர் ஆணின் கை, கயிற்றை இழுக்கிறது. உம்மாவின் முடி, நெற்றி, முகம். நப்ராஸின் குரல், சிரிப்போடு: "டேய், இது எங்கட பக்கத்து ஊட்டு மாமிடா."

அதற்குப் பிறகுதான் ஜெஸீமா ராத்தாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஃபோனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார். வட்டிலப்பத்தில் இனிப்பு கூடிவிட்டது என்றார். உம்மா, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடிக்கவில்லை.

அவர் போனதும் உம்மா கேட்டார்: "எப்ப கழட்டுவாங்க?"

மாதக் கடைசி என்றேன். கடிதம் கொடுத்தால் முன்னுக்கே கழற்றலாம் என்றேன். கொப்பித் தாளைக் கிழித்து, நான் சொல்லச் சொல்ல உம்மா எழுதினார். கையெழுத்தும் வைத்தார். பிறகு அவர் கேட்டதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆருக்கு ஒளிச்சி இருந்தன் மகள்?"

செப்டெம்பர் 14, ஞாயிறு

காற்று. கடிதத்தை ஃபோட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். அவர் கொழும்புக்கு அனுப்பினார். பொறுப்பானவர் வெளிநாட்டில், வந்ததும் பார்ப்பாராம். நப்ராஸ் வீடியோவை அழித்துவிட்டானாம். அதற்கு முன் யார் யாருக்கு அனுப்பினான் என்று அவனுக்கே ஞாபகமில்லையாம்.

சாச்சி என்னோடு கதைக்கவில்லை. பகல் சாப்பாடு வேண்டாம் என்றார் உம்மா. மஃரிப் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணீர் கொண்டுபோனேன். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். கதவுச் சத்தம் கேட்டதும் முக்காட்டை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார்.

"நான்தான் உம்மா," என்றேன்.

"ஓம். தெரியும்," என்றார்.