உன் முறை வரும் வாரம்

மதினி,

இன்று காலையில் சோலார் தகடு துடைக்கப் பழந்துணி வேண்டுமென்று உன் மருமகளிடம் கேட்டேன். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போனபோது நீ வாங்கிய பச்சைச் சேலையைக் கிழித்து ஆளுக்குப் பாதி என்றாள். தகட்டில் வைத்ததுமே கரிமூட்டப் புகை வாசம். எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. உன்னை மாதிரியே பிடிவாதம்.

நாம் பத்துப் பேரும் கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுத்த காட்டைத்தானே சோலார் கம்பெனிக்கு விற்றார்கள்? கூட்டம் போட்ட அன்று நிலம் விற்றவர்களுக்கு மட்டும் நாற்காலி. நீ நேரே போய் நடுவில் தரையில் உட்கார்ந்தாய்.

"உனக்கு எவ்வளவும்மா நிலம்?" என்றார் அதிகாரி.

"நிலம் அவுகளுது சார். அங்கன பாத்த வேலை எங்களுது. அதை யாரு வித்தா?"

பின்னாலிருந்து இதே பச்சைச் சேலையைப் பிடித்து இழுத்தேன். "இழுக்காதடி, கிழிஞ்சா கம்பெனியா வாங்கித் தரும்?" என்றாய். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் தகடு கழுவ ஐந்து பேருக்கு வேலை என்றார்கள். யார் அந்த ஐந்து பேர் என்று நாம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றோம். "மூட்டத்துக்குக் காவல் எப்படி இருந்தோம்? முறை வச்சுத்தானே? இதுக்கும் வச்சுக்கிருவோம்" என்றாய். வாரத்துக்கு ஐந்து பேர், மாறி மாறி. சூப்பர்வைசரைச் சம்மதிக்க வைத்ததும் நீதான்.

முதல் நாள் என் கூத்து ஞாபகம் இருக்கிறதா? பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல். சூப்பர்வைசர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வந்து சொன்னதும், அதற்குள் படுக்கையில் விழுந்திருந்த நீ இருமி இருமிச் சிரித்தாய். "ஏன்டி, புளி போடலயா?"

அந்த இருமல் மூட்டப் புகை தந்தது. புகையில்லாத இந்த வேலைக்கு நீ ஒரு வாரம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ போன பிறகு சூப்பர்வைசர் உன் பெயரை அடிக்கப் போனார். "அடிக்காதீக சார், எங்க மதினி வரும்" என்றேன். மனுஷன் மிரண்டு போனார். உன் முறைக்கு இப்போது ஊரில் வேலையில்லாத ஒருத்தியை அனுப்புகிறோம், ஒவ்வொரு தடவையும் வேறொருத்தி. உன் பெயரைக் கூப்பிட்டால், "இருக்கேன் சார்" என்கிறாள்.

இந்த வாரம் உன் முறை. உன் மருமகள் வந்திருக்கிறாள். உன் சேலையில் பாதி என் இடுப்பில், பாதி அவள் கையில். முந்தியில் சாம்பல் முடிந்து வந்திருக்கிறாளா என்று அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.