பூச்சி அண்டாது

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் வனத்துறையிலிருந்து போன். எரியோட்டுப் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்தில் தேவாங்கைக் கட்டிவைத்திருக்கிறார்களாம். போனேன். இடுப்பில் கட்டிய சணல் கயிறு தோலுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் பால்சோறு.

தோட்டக்காரர் ஈஸ்வரன் என்னைக் கண்டதும் கும்பிட்டார். "நீங்கதான மேடம் சொன்னீங்க, தேவாங்கு இருக்குற தோட்டத்துல பூச்சி அண்டாதுன்னு. அதான் பிடிச்சாந்து கட்டுனேன்."

"ஏலே, மேடம் கட்டச் சொன்னாங்களா?" என்று வனக்காவலர் அதட்டினார்.

நான் குனிந்து கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்வரனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பிப்ரவரி 10

தேவாங்கு செத்துவிட்டது.

கண்ணில் பட்டாலே ஆகாது என்று அதைக் கல்லால் அடித்த ஊர்கள். தேவாங்கைக் காப்பாற்ற எங்கள் டிரஸ்ட் சார்பில் பாடம் நடத்திப் பார்த்தேன், எடுபடவில்லை. அது பூச்சி தின்னும் என்பது உண்மை. 'பூச்சி அண்டாது' என்பது என் கைச்சரக்கு. சுவரெல்லாம் எழுதவைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தேவாங்குதான் போனது.

பிப்ரவரி 12

நிபுணர் என்று என்னிடம் வாக்குமூலம் கேட்டார்கள். காயத்தைப் பற்றி எழுதினேன். என் வாசகத்தைப் பற்றி எழுதவில்லை. ஏன்? தேவாங்கைக் காத்ததற்கு அடுத்த மாதம் சென்னையில் எனக்கு விருது. டிரஸ்ட்டின் பெயர். எல்லாம் சாக்கு. பயம், வேறென்ன.

பிப்ரவரி 15

ஈஸ்வரனின் மனைவி ராமுத்தாய் எங்கள் திண்டுக்கல் ஆபீசுக்கே வந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லிருங்க தங்கச்சி. அவரா ஒண்ணும் பண்ணல. உங்க பேச்சைத்தான் கேட்டாரு."

"பார்க்கிறேன்" என்றேன். பார்க்கிறாளாம்! என்னத்தைடி பாப்ப கிளாரா? த்தூ.

பிப்ரவரி 17

வனத்துறை ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வாசகம் என்னுடையது, அவர் அதை நம்பித்தான் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரஸ்ட் நிர்வாகக் குழுவில் இருக்கும் கிளெமென்ட் சார், "எங்கட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்" என்றார். கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

மார்ச் 6

விருது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்த்துவந்த டிரஸ்ட் பொறுப்பை இனி கிளெமென்ட் பார்ப்பார். ஈஸ்வரன் ஜாமீனில் வந்திருக்கிறார். வழக்கு நடக்கும்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ராமுத்தாய் வெளியே வரவில்லை. ஈஸ்வரன் நாற்காலி போட்டார். சொல்ல வந்ததைச் சொல்லவே விடவில்லை.

"விடுங்க மேடம். முருங்கையில கம்பளிப்பூச்சி ஏறிருச்சு. அதுக்கு என்ன செய்யலாம்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் அதை நான் சொன்னது இன்றைக்குத்தான்.