மூன்று நடனப் பள்ளிகளின் தரை

மார்ச் 4
மகள் மறுபடி ஆடலாம் என்று மருத்துவர் இன்று சொல்லிவிட்டார். இதுவரை எடுத்த ஆறு வார ஓய்வு போதுமாம். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்த வலி, பழைய நடனப் பள்ளியின் கான்கிரீட் தரையில் குதித்துக் குதித்து வந்தது. இன்னொரு முறை வந்தால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். அவளுக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகிறது. நல்ல இடமாக நானே பார்க்கிறேன் என்றேன். பத்தொன்பது வருடமாக மரத்தரை போடுகிறவன். தரையைப் பற்றி எனக்கா தெரியாது?

மார்ச் 7
கடைத்தெருவில் ஒரு நடனப் பள்ளி. ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி. வரவேற்பில் இருந்த பெண் ஏதோ படிவத்தை நீட்டினாள். நான் மண்டியிட்டுத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். மர டிசைன் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அடியில் கான்கிரீட். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 8
மனைவியிடம் சொன்னேன். "என்னை முதல்ல பார்க்க வந்தப்பவும் எங்க வீட்டுத் தரையைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க" என்றாள். பொய். கொஞ்சம் பொய்.

மார்ச் 12
கிடைத்துவிட்டது, இன்னொரு நடனப் பள்ளி! குதிகாலை அழுத்தினால் தரை லேசாக இறங்கி எழுகிறது. மேலே பலகை, அடியில் மரச்சட்டம், சட்டத்துக்கு அடியில் ரப்பர். நானே போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன். நடன மாஸ்டர் உள்ளே வகுப்பில் இருந்தார், தொந்தரவு செய்யவில்லை. அங்கேயே சேர்த்துவிட்டேன்.

மார்ச் 21
எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தரை நல்லாயிருக்குப்பா" என்றாள்.

மார்ச் 26
கால் வலிக்கிறது, வகுப்புக்குப் போகவில்லை என்றாள். எங்கே என்று கேட்டேன். முதலில் வலது காலைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து இடது காலை.

வலி காலில் இல்லை. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் எல்லாம் வந்தது. தப்பு செய்கிறவர்களை மாஸ்டர் நடுவில் நிறுத்தி, மற்றவர்களைப் பார்க்கச் சொல்வாராம். இவள் ஐந்து நிமிடம் உட்காரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "உக்காரணும்னா வீட்டுல போய் உக்காரு" என்று சொல்லி, நடுவில் நிறுத்தியிருக்கிறார். இரண்டு தடவை.

மார்ச் 27
என்ன அப்பன்டா நான்? பலகையைத் தட்டிப் பார்த்தேன், சட்டத்தைப் பார்த்தேன் – பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டேனா? அந்த மாஸ்டர் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 2
மகளோடு ஸ்கூலில் படிக்கிற தோழி நடனத்துக்குப் போகிற இடம், மருந்துக் கடைக்கு மேல் மாடி. இந்த முறை மகளையும் கூட்டிப்போனேன். தரை டைல்ஸ். வாசலிலேயே எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

டீச்சர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. வலி எங்கே தொடங்கும், எதற்குப் பிறகு, தூங்கும்போது இருக்குமா என்று மகளிடமே கேட்டார். எங்களிடம் மூன்று மாதமாகச் சொல்லாததை எல்லாம் அவள் பத்து நிமிடத்தில் கொட்டிவிட்டாள். பிறகு நான் தரையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். அதனாலதான் இங்க யாரையும் குதிக்க விடறதில்ல. அதுக்கு சனிக்கிழமை எதிர்த்த ஸ்கூல் மேடைக்குப் போயிடுவோம். அது மரம்."

படியிறங்கும்போது மகளிடம் கேட்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று. "இங்கயே வரேன்ப்பா." சரி என்றேன். பயம் மட்டும் போகவில்லை.

மே 9
மேடையில் முதல் முறை குதித்தாள். நான் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 10
காலையில் கேட்டேன். வலி இல்லையாம்.

ஜூன் 18
வகுப்பு ஆறு மணிக்கு முடிந்துவிட்டது. ஆறரைக்கும் ஆளைக் காணோம் என்று மேலே போனேன். டீச்சர் ஒரு விளக்கை அணைத்துவிட்டுச் சாவியோடு கதவருகில் நின்றிருந்தார். இவள் நட்ட நடுவில் நின்று, "இன்னும் ஒரே ஒரு தடவை டீச்சர்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கீழே போய்க் காத்திருந்தேன்.