பாட்டு முடியட்டும்

பொதியைப் பிரித்ததும் யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. முகவரியைப் பார்க்காமலே உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. உன் அண்ணனின் கைகால் உளைவுக்கென்று நீ பேசிப் பதிந்த ஒவ்வொரு கசெற்றோடும் ஒரு போத்தல் தைலம் சுற்றி அனுப்புவாய். இந்த முறை போத்தல் இல்லை, சுற்றும் துணியில் மணம் மட்டும். அவர் போய் ஒரு வருடம். நீ போய்ப் பதினெட்டு நாள்.

கசெற் உறையில் அகலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் கித்தாருடன் வேலியில் சாய்ந்து நிற்கிறான். உள்ளே உன் மகனின் கையெழுத்தில் ஒரு துண்டு: செத்தவீடு முடிந்த பிறகு மாமிக்கு அனுப்பச் சொன்னாவாம் அம்மா.

கொன்வென்ற்றில் நாம் ஒரே வகுப்பு. பாடகர் குழுவுக்கு நான் தலைவி. உன் குரல் சுருதியில் நிற்கவில்லை. "நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்று உன்னிடம் சொன்னவள் நான்தான். மூன்று வருடம் நீ வாயை மட்டும் அசைத்தாய். பிறகு உன் அண்ணனைக் கட்டி உனக்கு மச்சாளானேன். நீ ஒரு வைத்தியரைக் கட்டி, அவுஸ்திரேலியாவில் கடலே தெரியாத ஒரு புழுதி ஊருக்குப் போனாய். எண்பத்து நான்கில் நாங்கள் மகனோடு இருக்க பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேல் பகுதிக்கு வந்தோம். அதன் பிறகு கசெற்றில்தான் பேசினோம்.

எல்லோரும் வெறும் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். நீ மட்டும் பெற்றோல் நிலையத்தில் விற்கும் பாட்டுக் கசெற்றை வாங்கி, பாட்டு அழியாமல் தடுக்க மேலே இருக்கும் ஓட்டைகளை ஒட்டி, பாட்டின் மேல் பேசுவாய். கடைசியில் ஒரு பாட்டை அழிக்காமல் விடுவாய். உங்கள் ஊரில் வெறும் கசெற் கிடைக்காதா என்று கேட்டேன்.

"கிடைக்கும் மச்சாள். ஆனால் வெறும் கசெற்றிலை பாட்டு இராதே" என்றாய்.

அந்தப் பாடகர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நீ மூச்சு விடவே மாட்டாய். "இவர் அமெரிக்காக்காரரைப் பார்த்துப் பாடுறவர் இல்லை. இஞ்சத்தை மண்ணைப் பாடுறவர். லொறி ஓடுறவை, மாதக்கணக்கா மாட்டு மந்தையைச் சாய்ச்சு ஓட்டிக்கொண்டு போறவை, அவையின்ரை கதை. குடும்பத்தோடை கரவனிலை ஊர் ஊராப் போய்ப் பாடுறவர். எங்கடை மண்டபத்துக்கும் வந்தவர். கசெற் உறையிலை கையெழுத்து வாங்கினனான்!" இன்னொருமுறை, தொண்டையை உடைத்து உடைத்துக் கூவுகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாய்.

நான் உன் பேச்சின் மேலேயே என் மறுமொழியைப் பதிந்து, அதே கசெற்றைத் திருப்பி அனுப்புவேன். "ஒருக்கா ஒரு வரி கேட்டன், உன்ரை பாடகருக்கு மூக்கிலை சளி. வைத்தியரைக் கட்டியிருக்கிறாய், மருந்து குடுக்கச் சொல்லு. நான் அவர் வாய் திறக்க முந்தி நிப்பாட்டிப்போடுவன்" என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த கசெற்றில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அது பகிடியல்ல. உன் அண்ணன் பக்கவாதத்தில் கிடந்தார். கசெற் பிளேயர் என் பக்கத்து மேசையில் இருந்தது. கித்தாரின் முதல் தந்தி அசைந்ததும் என் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடும்.

"பாட்டையும் ஓட விடுமன்" என்பார், குழறிக் குழறி.

"இஞ்சருங்கோ, மாட்டுக்காரன்ரை அழுகையை நான் என்னத்துக்குக் கேக்கவேணும்? அங்கை பாருங்கோ, கார் து நோர் ஸ்டேசனுக்குப் போற ரயில் இவனைவிடச் சுருதியோடை ஓடுது."

முதல் முறை சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படி ஏழு கசெற்றுகள்.

சிறுவயதில் உங்கள் வீட்டில் நான் கண்டிருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் கொழும்பு வானொலியில் இந்த மாதிரிப் பாட்டுப் போகும். நீங்கள் இருவரும் றேடியோவின் முன்னால் இருப்பீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால் இருவரும் ஒரே குரலில் "பாட்டு முடியட்டும்" என்பீர்கள். அதன் பிறகுதான் உங்களுக்குள்ளும் பேச்சு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

உன் கடைசிக் கசெற்றைப் போன ஞாயிறு பூசை முடிந்து வந்து போட்டேன். வழக்கம்போல் சுகம் விசாரித்தாய். பிறகு பாட்டு. மாடு சாய்த்துப் போனவன் வீட்டுக்குத் திரும்புகிறான், கதவு பூட்டியிருக்கிறது, நாய் மட்டும் நிற்கிறது. இனி உன்னிடமிருந்து ஒன்றும் வராது என்பதால் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தது. அதன் பின் உன் குரல்.

"மச்சாள், நீ இதைக் கேக்கிறாய் எண்டால் நான் செத்துப்போனன். உயிரோடை இருந்தவளின்ரை கசெற்றை நீ கடைசிமட்டும் ஓட விட்டதில்லை. அண்ணை படுக்கையிலை விழுந்த பிறகு, ஒவ்வொரு முறையும் பாட்டு முடிய நான் அண்ணையோடை கதைச்சனான். பாட்டுத் தொடங்க நீ எழும்பிக் குசினிக்குப் போயிடுவாய், நாங்கள் தனியக் கதைக்கலாம் எண்டு நினைச்சன். நிப்பாட்டுவாய் எண்டு நினைக்கேல்லை. அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு நான் வராததுக்கு என்னோடை கோபமோ எண்டுதான் கேட்டனான். ஏழு தரமும் அதைத்தான் கேட்டனான். கசெற் திரும்பி வரேக்கை முன்னுக்கு உன்ரை குரல், பின்னுக்கு என்ரை கேள்வி, அப்பிடியே. அண்ணைக்குக் கோபம்தான் எண்டு நம்பினன். போன மாதம் ஆசுப்பத்திரியிலை உன்ரை கசெற்றுகளைத் திரும்பக் கேட்டன். வாய் திறக்க முந்தி நிப்பாட்டிப்போடுவன் எண்டு சொல்லுறாய். அப்பதான் விளங்கினது. மறுமொழி உனக்குத் தெரிஞ்சிருக்கும். இனி ஆருக்குச் சொல்லப்போறாய்?"

பிறகு நாடா ஓடும் சத்தம் மட்டும்.

எனக்கு மறுமொழி தெரியும். உங்கள் அம்மாவைப் புதைத்த அன்றே அவர் சொன்னார்: "அவள் பிள்ளைத்தாச்சி, பாவம், என்னெண்டு வருவாள்." கோபம் ஒரு நாளும் இருந்ததில்லை. நீ கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் அல்ல நான். கேட்டாலும் கொடுக்க இங்கே ஒருவரும் இல்லை. நேற்றுச் செய்ததை மட்டும் சொல்கிறேன். பிளேயரை அவர் கட்டிலில் வைத்து, அவருடைய படத்தை எதிரே சாய்த்து, பாட்டிலிருந்து போட்டேன். பாட்டு முடியும்போது என் விரல் தானாகவே பொத்தானுக்குப் போனது. கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். நீ என்னைப் பற்றிச் சொன்ன அவ்வளவும் அவர் முன்னால் ஒலித்தது.

இன்று காலை அரிசி கழுவும்போது அந்த மாட்டுக்காரனின் பாட்டு என் வாயில் வந்தது. சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.