மெத்தைக் கடையில் படுத்தவன்

மார்ச் 3, செவ்வாய்

தலையணை வாங்க வந்தவரிடம், "இது உங்க முதுகெலும்பை அப்படியே தாங்கிப் பிடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். அது மெத்தைக்கான வசனம். வாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிர்க்கடை வாசலில் ஒரு புருஷன் பெண்டாட்டி போட்ட சண்டையில் லயித்திருந்தேன். வந்தவர் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முதுகை வச்சா, தலையை எங்கங்க வைக்கிறது?"

நியாயமான கேள்வி. அதற்குள் 'சென்ட்டு' வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டான். சென்ட்டு எங்கள் கடையின் இன்னொரு விற்பனையாளன். அவன் வருவதற்கு முன்பே அவன் வாசனை வந்து வாடிக்கையாளரை வரவேற்றுவிடும்.

இருபது வருஷத்துக்கு மேலாக மெத்தை விற்கிறேன். இப்போதெல்லாம் நான் பேசுவதைக் கேட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது.

மார்ச் 4, புதன்

சென்ட்டுக்கு இன்று மூன்று வியாபாரம். எனக்கு மூன்று தும்மல், அவன் சென்ட்டால்.

மார்ச் 7, சனி

முதலாளி உள்ளே கூப்பிட்டார். பெரிய முதலாளியின் மகன். அப்பா போன வருஷம் தவறியபின் கடையைப் பார்ப்பவர். சின்ன வயதில் இதே கடை மெத்தைகளில் குதித்து இரண்டு ஸ்பிரிங்கை உடைத்தவர். அவருக்கு நான் 'அண்ணே'. எனக்கு அவர் ஆள் இருந்தால் 'சார்', இல்லாவிட்டால் 'தம்பி'.

"அண்ணே, மாசம் முடிஞ்சதும் கிடங்குக்கு மாறிக்கிறீங்களா? சரக்கு வர்றதையும் போறதையும் பாத்துக்கிட்டா போதும். நாற்காலி, ஃபேன் எல்லாம் போட்டுத் தரேன். சம்பளத்துல கை வைக்கமாட்டேன்."

எவ்வளவு மரியாதை! விற்காத மாடலைக் கிடங்குக்கு அனுப்புவது எங்கள் கடை வழக்கம்தான். ஆனால் மாடலிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்குப் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. வாயைத் திறந்தவர்களைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறாள். இன்று மட்டும் என்னைப் பேசவிட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "கிடங்குல யார்கிட்ட பேசுவீங்க?" என்றாள்.

"யார்கிட்டயும் இல்ல."

"அப்ப மொத்தத்தையும் இங்க வந்து கொட்டுவீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். போய் உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க."

மார்ச் 9, திங்கள்

ஞாயிறு முழுக்க யோசித்தேன். உட்கார்ந்த இடத்தில் சம்பளம், மேலே ஃபேன் — வேறு எவனாவது சொல்லியிருந்தால் 'அடிச்சது யோகம்' என்றிருப்பேன். எனக்கு ஏன் கோபம் வருகிறது?

வருகிறதே! அதுதான் ஆச்சரியம். கடை விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தே எத்தனையோ காலம் ஆகிறது. ஒருவேளை உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. நாடி பிடித்துப் பார்க்க வேண்டும்.

சரி, கோபம் வந்தாயிற்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சென்ட் அடித்துக்கொள்வதா?

மார்ச் 12, வியாழன்

இன்று மானம் போனது. போன வழியிலேயே வேறு ஏதோ வந்தது.

மதியம் கடையில் ஈ காக்கை இல்லை. மூலையில் இருந்த பெரிய மெத்தைக்குப் புது விரிப்புப் போட்டேன். மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கச் சாய்ந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தால் மேலே இரண்டு முகம். என் வயதுக் கணவன் மனைவி.

"எழுப்பிட்டீங்களா? பாவம், நல்லா தூங்கிட்டு இருந்தாரு" என்றாள் அந்த அம்மாள்.

"குறட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார் கணவர். "இந்த மெத்தை என்ன விலைங்க?"

துள்ளி எழுந்து டையைச் சரிசெய்து, "மேடம், படுத்துப் பாருங்க, உங்க முதுகெலும்பை..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கையை ஆட்டித் தடுத்தாள்.

"நீங்க தலைமாட்டுல கை கட்டி நின்னா நான் எப்படிங்க படுப்பேன்? செத்துக் கிடக்குற மாதிரி இருக்காது?"

சுளீர் என்றது. இத்தனை வருஷமாக எல்லோரும் மெத்தையைக் கையால்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள், ஏதோ மாம்பழம் வாங்குவதுபோல. மிஞ்சிப் போனால், சம்பந்தி வீட்டில் உட்காருவதுபோல விளிம்பில் உட்காருவார்கள். யாரும் முழுசாகப் படுப்பதில்லை. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பதில் தலைமாட்டில் டை கட்டிக்கொண்டு நின்றது.

போன மானம் போனதுதானே என்று, இரண்டு கட்டில் தள்ளிப் போய் நானும் படுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு படுத்தாள். கணவரும் படுத்தார். மூன்று பேரும் விட்டத்தைப் பார்த்தோம். பிறகு அந்த அம்மாள் விட்டத்திடமே சொன்னாள்:

"இவரு நடுவுல படுப்பாருங்க. நான் ஓரத்துல, கொடியில காயப்போட்ட துணி மாதிரி."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே நீ?" என்றார் கணவர்.

"நீங்க முழிச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

கேட்டு வந்தது நடுத்தர அளவு. எடுத்துப் போனது பெரியது. முதுகெலும்பு என்ற சொல்லே என் வாயில் வரவில்லை!

மார்ச் 13, வெள்ளி

சென்ட்டு முதலாளியிடம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"அண்ணே, கடையில தூங்கினீங்களாமே?"

"தூங்கல தம்பி. செஞ்சு காட்டினேன்."

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். சிரிக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பது பழைய வியாபார ரகசியம். "மாசக் கடைசி வரைக்கும் விடுங்க. படுத்துக்கிட்டே விற்கிறேன். சரிவரலைன்னா நானே போய்க் கிடங்கு நாற்காலியில உக்காந்துக்கிறேன்."

தம்பி மோவாயைச் சொறிந்தார். "ஊர் சிரிக்கும் அண்ணே."

"சிரிக்கட்டும். உள்ள வந்து சிரிப்பாங்க இல்ல?"

மார்ச் 16, திங்கள்

இரண்டு ஜோடி சாக்ஸ் வாங்கினேன். பழைய சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. "புது வேலைன்னா சட்டை வாங்குவாங்க. நீங்க ஒருத்தர்தான் சாக்ஸ் வாங்குறீங்க" என்றாள் மனைவி. ஆனால் விலைச்சீட்டைக் கிழித்து எடுத்து வைத்தது அவள்தான்.

முதல் நாளே ஒரு அசம்பாவிதம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் படுத்தேன்; எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து, "யாராவது தண்ணி கொண்டாங்க!" என்று கத்திவிட்டார். சென்ட்டு தண்ணீரோடு ஓடிவந்தான். அவன் முகத்தில் அப்படியொரு நம்பிக்கை.

மார்ச் 17, செவ்வாய்

தொழில் பாடம்: முதலில் "நானும் படுக்கப்போறேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். பெண்கள் தனியாக வந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. கல்லாவில் இருக்கும் அக்காதான் படுக்க வேண்டும். "இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்றாள் அக்கா. மதியம் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

நிற்கும்போது மனிதர்கள் விலை கேட்கிறார்கள். படுத்ததும் உண்மை பேசுகிறார்கள். அப்பப்பா, என்னவெல்லாம் காதில் விழுகிறது! மாமியார் குறட்டை, மாடிவீட்டுக்காரர் ரேடியோ, மாப்பிள்ளையின் கால் நாற்றம். வம்புக்குச் சம்பளம் தரும் வேலை இது என்று எனக்கு ஏன் முன்பே தெரியாமல் போயிற்று?

இன்று ஒரு லாரி டிரைவர். மெத்தையால் இடுப்பு வலி என்று வந்தார். படுத்துக்கொண்டே பேசப் பேச, லீவு நாளில் அதே மெத்தையில் வலிப்பதில்லை என்று தெரிந்தது. "உங்க மெத்தை நல்லா இருக்குங்க. லாரி சீட்டைத்தான் மாத்தணும்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டீங்களே அண்ணே!"

"அவருக்கு மெத்தை வேணாம் தம்பி."

"நமக்கு விக்கணுமே!"

அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மார்ச் 24, செவ்வாய்

ஒருவர்கூட வாங்கவில்லை. சென்ட்டு விசிலடித்தான்.

கிடங்குக்கு நாற்காலி வந்து இறங்கிவிட்டது. சுழல் நாற்காலி. நல்ல நாற்காலிதான், பாவி.

மார்ச் 28, சனி

கடையடைக்கும் முன் முதலாளி மெத்தைகள் இருக்கும் பக்கம் வந்தார். நான் கல்லா அக்காவோடு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பெரிசா ஒண்ணும் கூடலையே அண்ணே. சென்ட்டு இன்னும் உங்களுக்கு மேலதான் இருக்கான்."

தெரியும். கையிலிருந்த விரிப்பைக் கொஞ்சம் கசக்கிவிட்டேன். பொய் எதற்கு, நிறையவே.

"ஆனா ஒண்ணு. அவன் வித்தது பாதி மாத்தித் தரச் சொல்லி வருது. கடினமா இருக்கு, மெத்துன்னு இருக்குன்னு. வண்டி வாடகை எல்லாம் நம்ம தலையில. உங்களது ஒண்ணுகூட வரல. அது எப்படிண்ணே?"

"படுங்க, சொல்றேன்."

"சும்மா இருங்கண்ணே."

"நான் தலைமாட்டுல நிக்கமாட்டேன் தம்பி. படுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நான் இரண்டு கட்டில் தள்ளி. முதலில் வாடகை, போட்டிக் கடை, கரண்ட் பில் என்று பேசிக்கொண்டே இருந்தார். பிறகு குரல் இறங்கியது.

"அப்பா இருந்தா இதெல்லாம் என்ன சொல்லியிருப்பாரு?"

"ரெண்டு ஸ்பிரிங்கை உடைச்சவன் கடையை நடத்துறானேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பாரு."

சிரிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் விட்டத்தையே பார்த்தேன். படுத்து விற்பவனுக்கு அந்த மரியாதை தெரிய வேண்டும். சென்ட்டு ஷட்டரை இறக்க வந்தான். போடா என்று காலால் சைகை காட்டினேன்.

கிடங்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

காலையில் கடை வாசலில் ஒரு பலகை: 'கிடங்குக்கு ஆள் தேவை.' முட்டாள்கள் தினமாயிற்றே என்று இரண்டு தடவை படித்தேன். பலகை விளையாடவில்லை.

மதியம் புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. சென்ட்டுதான் முதலில் போனான். தலைமாட்டில் நின்றான், என்ன நினைத்தானோ, என்னைப் பார்த்தான். "பெரியவரே, கொஞ்சம் வாங்களேன்."

போனேன். படுத்தோம். மாப்பிள்ளைப் பையன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா சார் இந்த வேலையில இருக்கீங்க?" என்று கேட்டான்.

"போன மாசம்தான் தம்பி சேர்ந்தேன்."

"இந்த வயசுலயா!"

"நீங்க சொல்லுங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு நடுவுல படுக்கிறது?"