சூளைத் துளை வழியே ஒரு சாட்சி

விருத்தாசலம்
5.11.2006

கர்த்தருக்குள் அன்பான மச்சான் சற்குணத்துக்கு,

ஞானாபரணத்தின் ஸ்தோத்திரம். புதுச்சேரியில் உன் மகள் இளமதி வீட்டில் நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாய் என்று உன் தங்கச்சி எப்சிபா சொன்னாள். போனில் பேசலாமே என்பாய். போன் இருக்கும் இடத்தில் உன் தங்கச்சியும் இருக்கிறாள். இந்தச் சமாச்சாரம் அவள் காதுக்கு ஆகாது.

அன்றைக்கு நான் போலீசைக் கூப்பிட ஓடினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா? ஓடவில்லை மச்சான். என் சூளைக்குள் இருந்தேன். வேட்டி நனைந்திருந்தது. மழை என்று சமாளிக்கவும் வழியில்லை, சூளைக்குக் கூரை உண்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்து, உன் தேர்தல் நோட்டீசுகளோடு என் பொம்மைப் பட்டறைக்கு வந்தோம். நீ உள்ளே நோட்டீசுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாய். நான் கேட்டில் நின்றேன். எட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் பேர் பாவாடை. உன்னை எதிர்த்து நின்ற கோவிந்தராசு திட்டக்குடியிலிருந்து வரவழைத்த ஆள். நம் முகம் எதுவும் அவனுக்குத் தெரியாது. கையில் கட்டடக் கம்பி.

"யோவ், நீ யாருய்யா? சற்குணம் ஆளா?"

"இல்லீங்க. பொம்ம வாங்க வந்தேங்க."

"இன்னா பொம்ம?"

"கொலு பொம்மைங்க."

"கொலு முடிஞ்சி ஒரு வாரமாச்சேய்யா?"

"அடுத்த வருசத்துக்குங்க."

"நல்லா முன்கூட்டியே வாங்குற. ஓரமாப் போ."

சபைச் செயலாளர் நான், சொந்தப் பட்டறை வாசலில், அடுத்த வருஷக் கொலுவுக்குப் பொம்மை வாங்க வந்தவன் ஆனேன். பேதுருவாவது கர்த்தரைத் தெரியாது என்று அடுத்தவன் வீட்டு முற்றத்தில் நின்று மறுதலித்தான். எனக்குச் சேவல்கூடக் கூவவில்லை. எதிரே இருப்பது கறிக்கடை. அங்கே எல்லாம் பிராய்லர்.

அப்புறம்தான் ஆறிக் கிடந்த சூளைக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டேன். நெருப்பின் நிறம் பார்க்கக் கதவில் ஒரு துளை விட்டிருக்கிறோமே, அதில் கண்ணை வைத்தேன். கம்பி உன் வலது கையில் இறங்கியபோது பச்சை மூங்கிலைப் பிளந்த சத்தம் வந்தது. நீ விழுந்த பிறகும் மிதித்தார்கள். பொம்மை அடுக்கியிருந்த ரேக்கை உன்மேல் கவிழ்த்தார்கள். பாவாடை குனிந்து, கூரான பீங்கான் துண்டாகப் பார்த்துப் பொறுக்கினான். அவசரப்படவே இல்லை, மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிறவன் மாதிரி. உன் நெஞ்சில் முட்டி போட்டு முகத்தின்மேல் குனிந்தான். நீ ஒரே தரம்தான் கத்தினாய். "ஞானா" என்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

இதைச் சொல்லாமல் கோயிலில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்ட முடியவில்லை. என்னை மன்னித்துவிடு. முடிந்தால் அவர்களையும். கோவிந்தராசு ஜெயித்துவிட்டான். நாம்தான் மறுகன்னத்தைக் காட்டுகிற ஜனம் ஆயிற்றே.

உன் மாப்பிள்ளை,
ஞானாபரணம்

•

புதுச்சேரி
14.11.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கைக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல இளமதி எழுதுகிறாள். வேட்டி விஷயத்தை வாசிக்கும்போது சிரித்தாள். அதற்கப்புறம் வாசிக்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

கர்த்தர் மறுகன்னத்தைக் காட்டச் சொன்னது அவனவன் கன்னத்தை. என் கன்னத்தை நீ தூக்கிக்கொண்டு போய் ஊராருக்குக் காட்டாதே.

நீ ஒளிந்ததில் எனக்குக் கோபம் இல்லை. எட்டுப் பேருக்கு நடுவில் நீ வந்திருந்தால் இரண்டு பாடை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். பாவாடை கண்ணில் கை வைத்ததைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். எனக்கு அப்போது கண்ணில் ரத்தம். யார் குத்தினது என்று நான் சொன்னால் நிற்காது. எஸ்.ஐ.யிடம் போய்ச் சொல்.

சற்குணம்

•

விருத்தாசலம்
3.2.2008

கர்த்தருக்குள் அன்பான மச்சானுக்கு,

ஸ்தோத்திரம். ஒரு வருஷமாகப் போனில் "நல்லாருக்கியா, நல்லாருக்கேன்" என்றே ஓட்டிவிட்டோம். நீ சொன்னபடி அன்றே எஸ்.ஐ.யிடம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதற்கு இப்போது சம்மன் வந்துவிட்டது. 22ஆம் தேதி கோர்ட்டில் நான் சாட்சி. சம்மனை வாங்கியதிலிருந்து எனக்குப் பேதி. ஓமத்தண்ணீருக்கும் கேட்கவில்லை.

கவுன்சிலர் கோவிந்தராசு கிறிஸ்துமஸுக்கு நம் கோயிலுக்கு வந்தார் தெரியுமா? பெரிய கேக். முன் பெஞ்சில் உட்கார்ந்து "பிறனை நேசிக்கிறதுதான் எங்க கட்சிக் கொள்கையும்" என்று பேசினார். நம் ஜனம் கைதட்டியது. நானும் தட்டினேன், செயலாளர் தட்டாவிட்டால் நன்றாக இருக்காது. போன வாரம் வீட்டுக்கே வந்தார். பாவாடை வெளியே வண்டியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாங்க செயலாளரே, உங்க சாமியே மன்னிக்கச் சொல்லிருக்குது. நீங்க கோர்ட்டுக்குப் போறீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் எப்சிபா டீயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "மன்னிக்கிறதுக்கு மொதல்ல யாராவது வந்து மன்னிப்புக் கேக்கணுங்க."

அவர் டீயைத் தொடவில்லை. போகும்போது பாவாடை காறித் துப்பினான். என் செருப்பில் விழுந்தது. அவனுக்கு இப்போது என் முகம் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது மச்சான். சூளைக் கதையை எழுதியபோதே எழுதியிருக்க வேண்டும். வேட்டி நனைந்ததைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, இது இல்லை.

நம் தெரு ஓட்டு சிதறக் கூடாது, கவுன்சிலருக்கு நிற்கக் கேட்ட உன்னையும் சாமிதுரையையும் வைத்துச் சீட்டுப் போடலாம், வேதத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தான் எடுத்தார்கள் என்று சபையில் பேசினேனே. என் ஊறுகாய் ஜாடியில் இரண்டு சீட்டு. முழங்காலில் நின்று ஜெபித்தோம். உன் பெயர் வந்தது. நீ அழுதாய்.

இரண்டு சீட்டிலும் உன் பெயர்தான் எழுதியிருந்தேன்.

ஏன் என்றால், நகராட்சி ஆபீசில் "கவுன்சிலர் மச்சான் வந்திருக்காரு, நாற்காலி போடு" என்று சொல்வார்கள் என்று ஒரு ஆசை. வேறு ஒன்றுமில்லை. அவர்கள் மூன்று தடவை மிரட்டியும் "கர்த்தர் எடுத்த சீட்டு, விலக மாட்டேன்" என்று நீ நின்றாயே, அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

இவ்வளவு பெரிய பொய்யன் கூண்டில் ஏறி உண்மை சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கட்டுமா? நீ சரி என்றால் போதும்.

ஞானாபரணம்

•

புதுச்சேரி
12.2.2008

மாப்பிள்ளைக்கு,

இது என் கையெழுத்து. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்த நாளிலிருந்து கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீரே எடுத்தீர், நீரே கைவிட்டீர் என்று. வைதிருக்கிறேன். ஒரு வருஷம் ஜெபம் செய்யவில்லை. உன் கடிதம் வந்த அன்று முழங்கால் போட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பாவம், அவர் அந்த ஜாடிப் பக்கமே வரவில்லை.

சீட்டு உன்னுடையதாக இருக்கட்டும். விலகாமல் நின்றது நான். அதை உனக்குத் தர மாட்டேன்.

சர்டிபிகேட்டுக்குச் சரி என்று சொல்ல மாட்டேன். 22ஆம் தேதி போ. பார்த்ததைச் சொல். உன்னைக் கூப்பிட்டேன், நீ வரவில்லை. இப்போது இரண்டாம் தடவை கூப்பிடுகிறேன். வந்தால் ஈஸ்டருக்கு எப்சிபாவோடு இங்கே வா, மீன் வாங்கி வைக்கிறேன். வராவிட்டால் அவள் மட்டும் வரட்டும்.

சற்குணம்

•

விருத்தாசலம்
23.2.2008

கர்த்தருக்குள் என் உயிருக்குயிரான மச்சானுக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! மீனுக்குச் சொல்லிவிடு. வஞ்சிரமாகவே இருக்கட்டும்.

நேற்றுக் காலை சலவை வேட்டி கட்டி, எப்சிபா ஜெபித்து அனுப்ப, நடந்தே போனேன். கோர்ட் வாசலில் எள் போட்டால் விழ இடமில்லை, அத்தனை கூட்டம். டவாலி மூன்று தரம் கூப்பிட்டான். கூண்டில் ஏறினேன். பாவாடை என்னைப் பார்த்துக் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினான்.

அவர்கள் வக்கீல் கேட்டார்: "சூளைத் தொளை ஒரு ரூபாக் காசு அளவுதான் இருக்கும். அதுல எப்படிய்யா அடையாளம் தெரிஞ்சுது?"

"ஐயா, முப்பது வருசமா அந்தத் தொளையிலதான் நெருப்பப் பாக்குறேன். எது வேகுது எது வெடிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். கையை நீட்டி, "இந்த ஆளுதான் குத்துனாரு" என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்து என்னையே பார்த்தார். உன் பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். டவாலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் புளியமரத்தடியில் நாலு பேர் மறித்தார்கள். ஒருவன் அறைந்தான், உதடு கிழிந்தது. அவனவன் கன்னம் என்றாயே, என் கன்னத்தையே திருப்பிக் காட்டினேன். அதிலும் அறைந்தான். இன்னொருவன் வயிற்றில் மிதித்தான். விழுந்து கிடந்தபோது பயமே இல்லை மச்சான். நீ அன்று கிடந்த தரை எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் தங்கச்சி பயப்படுவாள் என்று அவளிடம் பஸ்ஸில் இடித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறேன், போனில் உளறிவிடாதே.

இனி உன் ஒற்றைக் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பேன்.

என்றும் உன் மாப்பிள்ளை,
ஞானாபரணம்

•

புதுச்சேரி
1.3.2008

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இளமதியை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். நீ கை நீட்டிய இடத்தில் நானும் அழுதேன். அன்றே மீன்காரம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

அடுத்த வாய்தா தேதியைச் சொல்வதற்கு இன்று காலை கோர்ட் ஏட்டு மாயவன் போன் செய்தார். 22ஆம் தேதி வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்களாம். அன்று ஒரு வழக்கையும் கூப்பிடவில்லையாம்.

சற்குணம்